வலப்பக்க நாற்காலி

என் வீட்டுக்காரருக்குக் காதுதான் சொத்து. பக்கத்து வீட்டு மின்விசிறி எங்கே உரசுகிறது என்று படுத்தபடியே சொல்வார். நான் ஏதாவது வேலை சொன்னால் மட்டும் அந்தக் காது கேட்காது. வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைப்பது எங்கள் தொழில். சத்தம் அவர் பொறுப்பு, படம் என் பொறுப்பு. இருபது வருடத்தில் அவர் வேலையில் யாரும் குறை கண்டதில்லை. டீச்சரம்மா வீட்டில்தான் சறுக்கினார்.

டீச்சரம்மா ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். ஒரே மகன், சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற துணை நடிகன், விபத்தில் போய்விட்டான். அவன் பேசியது ஒரே படத்தில், ஒரே வரி. கொட்டும் மழையில் கூட்டத்தை விலக்கிப் போகும்போது, "கொஞ்சம் வழி விடுங்க" என்பான். பழைய டிவியில் அவன் முகம் இருட்டோடு இருட்டாகிவிடும், குரல் இசைக்குள் அமுங்கிவிடும். அந்தப் படம் இன்னும் துல்லியமாக 4கே டிஸ்க்கில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு எங்களைக் கூப்பிட்டார். பெரிய திரையும், முன்னும் பின்னும் ஸ்பீக்கர்களும் பொருத்திப் படத்தைப் போட்டோம். மழை துளித்துளியாகத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து மகன் குரல் பளிச்சென்று கேட்டபோது அந்த அம்மா அழவில்லை. "வந்துட்டியாப்பா" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, முகம் இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்று மறுபடி அழைத்தார். போனால், வலப்பக்கம் பின் ஸ்பீக்கருக்குக் கீழே ஒரு நாற்காலி. அதன்மேல், நனைந்து வருகிறவன் துவட்டிக்கொள்ள, மடித்த துண்டு.

"தினமும் இங்கதான் வந்து உட்காருறான்மா. அன்னன்னைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார்.

நான் அந்தக் காட்சியைப் போட்டு, இருட்டுப் பகுதியின் வெளிச்சத்தைத் துளி ஏற்றினேன். முகம் துலங்கியது. அவசரத்தில் இருக்கிற முகம். அவன் திரும்பி, திரையின் இடது ஓரமாக வெளியே போனான். குரல் மட்டும் வலப்பக்கம் பின்னாலிருந்து வந்தது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை. முதல் தடவையே பின் ஸ்பீக்கர் இரண்டின் வயரையும் இடம்வலமாக மாற்றிச் சொருகியிருக்கிறார்.

"அன்னைக்கு அந்தம்மா பையனைப் பத்திப் பேசிட்டே நின்னாங்க. சரிபார்க்காம விட்டுட்டேன்."

"விடுங்க. அவங்க நிம்மதியா இருக்காங்க."

"போனது ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமா? தப்பு தப்புதான்."

இந்த மனுஷன் என் பேச்சை என்றைக்குக் கேட்டார்? டீ வருவதற்குள் வயரை மாற்றிவிட்டார்.

டீச்சரம்மா உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். மகன் முகத்தைப் பார்த்ததும், வழக்கம்போல வலப்பக்கம் திரும்பிக் காத்திருந்தார். குரல் இடப்பக்கம், வெறும் சுவரிலிருந்து வந்தது. அவர் அங்கே திரும்பவே இல்லை.

"இன்னைக்கு ஏன் அங்க போய் நிக்கிறான்?"

இவர் ஒளிக்கவில்லை. "வயர் மாறிப்போச்சும்மா. என் தப்பு. முதல்லயிருந்தே அந்தப் பக்கம்தான் கேட்டிருக்கணும்."

டீச்சரம்மா நாற்காலியைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்போ ரெண்டு மாசமா இங்க உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டது யாரு?"

எந்தச் சத்தத்துக்கும் காரணம் சொல்கிறவர் மறுபடி வயர் பக்கம் கையைக் கொண்டுபோனார். "பழையபடி மாத்திடவாம்மா?" என்றார்.

"வேண்டாம்பா."

சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து இடப்பக்கம் போட்டார். துண்டை எடுத்து அதன்மேல் வைத்தார். பழைய நாற்காலியை உள்ளே வைக்கட்டுமா என்று நான் எழுந்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, அந்த வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இத்தனை நாள் பொறுமையா கேட்டுட்டு இருந்திருக்கு. ஒரு வாய் தண்ணிகூட நான் கொடுக்கல."