ஊதாப்பூவைக் காட்டிக்கொடுத்தேன்

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும். புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று கீரை கட்டியவள் ஒரு மொஹாக் பெண், அந்த மண்ணின் பூர்வகுடி. என் வயதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஊர். ஒருநாள் தொண்டை கரகரக்கிறது என்று பையிலிருந்து ஒரு வேர்த்துண்டை எடுத்துக் கடித்தாள். மணத்திலேயே பிடித்துவிட்டேன். வசம்பு!

"இது எங்களிட்டையும் இருக்கு," என்றேன். குழந்தைக்கு வயிறு ஊதினால் சுட்டு உரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவோம் என்று அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் துண்டைப் பாதியாக முறித்து என் கையில் வைத்தாள். அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டோம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு ஊதாப்பூச் செடி தங்கள் சதுப்பு நிலத்தில் பரவி, வசம்பை நெருக்கிக் கொல்கிறது என்று அதன் படத்தைக் காட்டிக் கவலைப்படுவாள்.

அடுத்த வருடம் மட்டக்களப்புக்காரி ஒருத்தி வேலைக்கு வந்தாள். பியர்பொன்ட்ஸ் புறநகரில் சொந்த வீடு, கார். ஒரு திங்கட்கிழமை இருவர் நகத்திலும் சேறு.

"நேற்று இவவோட சதுப்புக்குப் போனனான், அக்கா," என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. வசம்பை அடையாளம் கண்டவள் நான். கூட்டிப்போனது அவளையா?

அந்த ஆடியில் மட்டக்களப்புக்காரி வீட்டுக்கு, அவள் மகளின் பிறந்தநாளுக்குப் போனேன். வேலியோரம் அதே ஊதாப்பூ, அழகுக்கு வளர்த்தது. மறுநாள் விடிந்ததும் மொஹாக்காரியிடம் போட்டுக்கொடுத்தேன்.

"தெரியும், அவளே சொன்னாள்," என்றாள். "சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் இரண்டு பேருமாய்க் கிண்டி எறியப்போறம். சதுப்பிலயும் அதைத்தான் பிடுங்குறம். போன வருசம் உன்னையும் கேட்டேன். சேறு பிடிக்காது எண்டாய்."

கேட்டது உண்மை. நான் மறந்தே போயிருந்தேன்.

வெட்கத்தோடு அடுத்த ஞாயிறு நானும் போனேன். முழங்காலளவு சேற்றில் நின்று, விதை சிந்தாமல் பூத்தலையை வெட்டிப் பையில் போட்டு, பிறகு வேரோடு இழுக்கவேண்டும். அவர்கள் இருவரும் தள்ளி நின்று சிரிக்கும்போதெல்லாம் என்னைப் பற்றியோ என்று காது கொடுத்தேன்.

மூன்று கோடை போனோம். ஊதாப்பூ அழியவில்லை, ஒரு கரை மட்டும் வெளித்து வசம்புக்கு இடம் விட்டது. நான் போட்டுக்கொடுத்ததை மொஹாக்காரி கடைசிவரை மற்றவளிடம் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது.