வாளி நிறையக் கண்ணாடிகள்

இறையியல் படித்தவனை ஜெபம் செய்யக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் மேடையில் ஒரு நாற்காலியை நிரப்பக் கூப்பிடுவார்கள். எழுபதுகளில் குமணன்சாவடிக்குப் பக்கத்தில் நடந்த சுகமளிக்கும் கூட்டத்தில் முதலில் எனக்கு நாற்காலி வேலைதான்.

சனிக்கிழமை சாயங்காலம். விசுவாசிகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போடலாம், கர்த்தர் பார்வை தருவார் என்றார் பிரசங்கியார். ஒரு தகர வாளி வரிசை வரிசையாகப் போய், கடைசியில் என்னிடமும் வந்தது. என் கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம். கழற்றினால் வாளியே தெரியாது. துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன். வீரம் ஒன்றும் இல்லை, மேடைப்படியில் உருண்டுவிடுவேன் என்ற பயம்தான்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை டர்னர் ஒருவரின் மனைவி என்னை வாசலில் மடக்கினாள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டுகிறவர் அவர். கண்ணாடி வாளிக்குப் போய்விட்டது. திங்கள் காலை ஷிப்ட்.

"சோத்துல கல்லு கெடந்தாக்கூட தெரியல ஐயா. கேட்டா விசுவாசம் கீதுன்றாரு. நாளைக்கு மிஷின்ல கைய வுட்டா, விசுவாசமா வந்து வெரல ஒட்டும்?"

விசுவாசமும் விஞ்ஞானமும் என்று மாணவர்களுக்கு ஒரு வருஷம் முழுக்க அறுப்பவன் நான். அவள் ஒரு கேள்வியில் பாடத்தை முடித்துவிட்டாள். கண்ணாடியின் காதில் செப்புக்கம்பி சுற்றியிருக்கும் என்று அடையாளமும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வாளி மேடை நடுவில் இருந்தது. நன்றி ஜெபம் செய்ய என்னை அழைத்தார்கள். நான் வாளிக்குள் கையை விட்டுத் துழாவினேன். செப்புக்கம்பி அகப்பட்டது.

"கண்ணாடி தேய்ச்சவன் மூளையும் கர்த்தர் குடுத்ததுதான்" என்றேன் மைக்கில். "அவர் குடுத்ததை வாளியில போட்டுத் திருப்பி அனுப்பறதுக்குப் பேரு விசுவாசம் இல்ல."

மைக்கை யாரோ அணைத்தார்கள். என் தொண்டைக்கு மைக் தேவைப்பட்டதில்லை என்பது மாணவர்களின் நெடுநாள் புகார். கீழே இறங்கி டர்னரிடம் போனேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"நீங்களே இப்டி பண்ணா எப்டி ஐயா? எனுக்குப் பார்வ வந்துகினே கீது."

"சரி, நானும் கழட்டறேன். நாளைக்கு என் சைக்கிள்ல உங்களைப் பின்னால வெச்சு எஸ்டேட் வரைக்கும் நானே மிதிக்கிறேன். வர்றீங்களா?"

கண்ணாடியோடே நான் சைக்கிளைச் சாக்கடையில் இறக்கிய கதைகள் அங்கே எல்லோருக்கும் தெரியும். பந்தலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மனைவி என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி அவர் மூக்கில் மாட்டினாள். அவர் அதைக் கழற்றவும் இல்லை.

பிறகு நாலைந்து பேர் தயங்கித் தயங்கி வாளிக்கு வந்தார்கள். ஒருவர் வேறு யாருடையதையோ போட்டுப் பார்த்து, இதுவே நன்றாகத் தெரிகிறது என்று போய்விட்டார். அன்றைய ஒரே அற்புதம் அதுதான்.

சபைக் கமிட்டி மன்னிப்புக் கடிதம் கேட்டது. தரவில்லை. பிரசங்கப் பட்டியலிலிருந்து என் பேரை அடித்தார்கள். சபையார் ஞாயிறுதோறும் அரைமணி முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கடிதத்தை இன்றைக்குக் கேட்டாலும் எழுத மாட்டேன். கண்ணுக்காக ஜெபிக்கிறவன்தான் நானும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஜெபிப்பேன்.

டர்னர் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவராகவே வந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தீங்கன்னா கண்ணு தெறந்திருக்கும் ஐயா."

"வெரல் பத்தும் இருக்கா?"

"கீது."

"அப்ப வாங்க, சண்டை போடலாம்."

போட்டார். பஸ் வரும்வரை போட்டார்.