காலி மாத்திரை அட்டை

எனக்குக் கைராசி உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் அக்குபஞ்சர் பார்க்கிறேன். மூட்டுவலிக்காரர்கள் முனகிக்கொண்டே படியேறி வருவார்கள். சிகிச்சை முடிந்த சிலர் கைப்பிடியைத் தொடாமல் இறங்குவார்கள். அதைப் பார்ப்பதற்காகவே கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

“ஊசியில மருந்தே இல்லையே?” என்பதுதான் வருகிறவர்களின் முதல் சந்தேகம். மயிரிழை மாதிரி ஊசி அது. சரியான இடத்தில் இறங்கினால் ஒரு கனமும் மதமதப்பும் வரும். உடம்பில் சக்தி ஓடும் பாதை சீராகிறது என்பது நான் படித்த பாடம். நரம்பு தூண்டப்பட்டு, உடம்பு தானே வலிநிவாரணியைச் சுரக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். முழுசாக இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. பலருக்கு வலி குறைவதைப் பார்த்திருக்கிறேன். சிலருக்குக் குறையாததையும்தான்.

குன்னத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். நாளெல்லாம் குத்துக்காலிட்டுச் சின்ன வெங்காயத்தின் தாளை அறுத்து அறுத்து, இரண்டு முட்டியும் போயிருந்தன. ஆறாவது முறை வந்தபோது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினார். பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே குஷியில் சொன்னார்: “பிரஷர் மாத்திரையையும் நிப்பாட்டிட்டேங்க. அதான் ஊசி இருக்கே!”

அவருடைய அண்ணன் பிரஷரைக் கவனிக்காமல் விட்டுத்தான் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அன்றே ஒரு சட்டம் போட்டேன். தின்று தீர்த்த மாத்திரையின் காலி அட்டையைக் காட்டினால்தான் இனி ஊசி.

அடுத்த வாரம் அக்கா காலி அட்டையை நீட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று பிரஷர் பார்த்தேன். எகிறிப்போயிருந்தது.

“மாத்திரையெல்லாம் எங்கக்கா போச்சு?”

“எருக்குழியில பிதுக்கிப் போட்டுட்டேங்க.”

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அவரோ, “உங்க ஊசி மேல எனக்கு இருக்குற நம்பிக்கை உங்களுக்கு இல்லையா?” என்று கேட்டுவிட்டார். பெஞ்சில் எட்டுப் பேர் என் வாயையே பார்த்தார்கள். என் தொழிலில் நான் சொல்லவே விரும்பாத ஒன்றை அவர்கள் முன்னால் சொன்னேன்.

“என் ஊசி முட்டிவலியக் கொறைக்கும்க்கா. பிரஷருக்கு என்னை நம்பாதீங்க. அண்ணன் மாதிரி நீங்களும் படுத்துட்டா என்னால எழுப்ப முடியாது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.”

விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். அதுவும் கைப்பிடியைத் தொடாமல். இரண்டு வாரம் ஆளையே காணோம். ‘மாத்திரையே வேண்டாம்’ என்று சொல்கிற வேறு யாரிடமாவது போய்விட்டாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

மூன்றாவது வாரம் வந்து நின்றார். கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த புது அட்டை. தண்ணீர் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் முன்னால் காலை மாத்திரையை விழுங்கினார். பிறகு வாயை ஆவென்று திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினார்.

“நல்லாப் பாத்துக்கங்க. இப்பக் குத்துங்க.”

இரண்டு வாரமாகத் தவறாமல் விழுங்கியிருக்கிறார்; பிரஷரும் இறங்கியிருந்தது. எத்தனையோ முட்டிகளை நிமிர்த்தியிருக்கிறேன். ஆனால் யாராவது கைராசியைப் பற்றிக் கேட்டால், நான் பெருமையாகச் சொல்வது அந்தத் திறந்த வாயைத்தான்.