பல்லில்லாத மாமாவும், நான் ருசி பார்க்காத கைமாவும்

சூடான கடாயில கைமா, அதான் கொத்துக்கறி, விழுந்ததும் மொதல்ல ஒரு சீறல் வரும்... அது அடங்கினதும் ஒரு பச்சை வாசனை. அந்த வாசனைக்கு நான் ஓடிப்போய் ஜன்னல்கிட்ட நின்னுக்குவேன்.

கல்யாணமான புதுசு. விவேக் நகர்ல, சர்ச்சுக்குப் பின்னாடி தெருவுல ரெண்டு ரூம் வீடு. நான், என் வீட்டுக்காரர் ஜெரால்டு, அவரோட அப்பா. மூணே பேர். மாமியார் அதுக்கு முந்தின வருஷமே தவறிட்டாங்க.

நான் வளர்ந்தது மல்லேஸ்வரத்துல. முட்டைகூட உள்ள வராத வீடு. ஒரே ஆபீஸ், லவ், ரிஜிஸ்டர் மேரேஜ்... மாமா தடுக்கல. ஆனா என்கூட பேசவும் இல்ல. காபி வேணும்னா மகன்கிட்ட, "காபி இருக்கான்னு கேளு"ம்பார். நான் அங்கேயேதான் நின்னுட்டிருப்பேன்!

அந்த சமயத்துல மாமாவுக்கு எல்லா பல்லையும் எடுத்துட்டாங்க. ஈறு ஆறினாதான் பல் செட் வைக்க முடியும், மூணு மாசமாவது ஆகும்னு டாக்டர் சொல்லிட்டார்.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்தா மாட்டுக்கறி சாப்பிட்டே பழகின மனுஷன். இப்போ கஞ்சி, இல்லன்னா பால்ல ஊறின பன்னு. சட்டை தோள்ல தொங்க ஆரம்பிச்சது. ஒரு நாள் அந்த கஞ்சியையும் தள்ளி வெச்சுட்டு எழுந்துட்டார்.

"அம்மா இருந்தா கைமாவாவது பண்ணிக் குடுத்திருப்பாங்க"ன்னார் இவர். சொல்லிட்டு என் மூஞ்சிய பாக்கல.

"வாங்கிட்டு வாங்க, நான் பண்றேன்."

சொல்லிட்டேன். எப்படி சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல.

மொதல் வாரம் சாம்பார் வைக்கிற மாதிரி நிறைய தண்ணி ஊத்தி மூடி வெச்சேன். தொறந்து பாத்தா கட்டி கட்டியா கூழாங்கல்லு மாதிரி கெடக்கு. மாமா ஒண்ணு வாயில போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டி, மெதுவா எடுத்து தட்டு ஓரமா வெச்சார். திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு.

அந்த வாரம் பூரா ஆபீஸ் பஸ்ல இதே யோசனை. கட்டி கட்டினா எங்க வீட்ல என்ன பண்ணுவாங்க? பருப்பு உசிலி ஞாபகம் வந்துச்சு. உதிர்க்கணும்... அவ்ளோதானே!

அடுத்த ஞாயிறு தண்ணியே விடல. கடுகு, கறிவேப்பிலை, பொடியா நறுக்கின வெங்காயம், துளி பெருங்காயம். கைமாவ போட்டு கரண்டியால அமுக்கி அமுக்கி உதிர்த்துக்கிட்டே இருந்தேன். கை வலிச்சது. ஆனா பூ மாதிரி உதிர்ந்து வந்துச்சு.

சரி, உப்பு? ஸ்பூன்ல எடுத்து வாய்கிட்ட கொண்டு போனேன்... முடியல. கீழ வெச்சேன். மறுபடி எடுத்தேன். முடியல.

திரும்பினா கிச்சன் வாசல்ல மாமா. எவ்ளோ நேரமா நின்னாரோ. உள்ளங்கைய நீட்டினார். ஊதி ஆற வெச்சு ஒரு ஸ்பூன் வெச்சேன். கண்ண மூடிக்கிட்டு ஈறாலயே அரைச்சு முழுங்கினார்.

"உப்பு பத்தல."

என்கிட்ட. நேரா என்கிட்ட!

போட்டேன். இன்னொரு ஸ்பூன் குடுத்தேன். "இப்ப சரி"ன்னார். அன்னிக்கு ரெண்டு தடவ சோறு போட்டுக்கிட்டார்.

அப்புறம் எனக்கு தைரியம் வந்துடுச்சு. ஒரு வாரம் இவருக்கு காய்ச்சல்னு நானே கறிக்கடைக்குப் போனேன். துப்பட்டாவ மூக்குல வெச்சுக்கிட்டு, "பாய், மிஷின்ல ரெண்டு தடவ போடுங்க, பல்லில்லாதவங்களுக்கு"ன்னேன். அவர் சிரிக்கல. மூணு தடவ போட்டுக் குடுத்தார்.

உருளைக்கிழங்கு மசிச்சு கலந்து பாத்தேன், நல்லா வந்துச்சு. பீட்ரூட் துருவிப் போட்டேன், இனிச்சுக்கிட்டு யாருக்கும் புடிக்கல. ஒரு நாள் பருப்பு உருண்டைக்கு பதிலா கைமா உருண்டை புடிச்சு மோர்க்குழம்புல போட்டேன்.

மாமா ஒரு வாய் வெச்சுட்டு நிமிர்ந்து பாத்தார். "இது எந்த ஊர் சமையல்?"

"மல்லேஸ்வரம், மாமா."

சிரிச்சுட்டார். ஒரு பல்லுகூட இல்லாம, கொழந்தை மாதிரி. அவர் சிரிச்சு நான் பாத்தது அதான் மொதல் தடவ.

கடைசில எல்லாத்தையும் ஜெயிச்சது சபசிகே சொப்பு. நாங்க வடைக்குப் போடுவோமே, அந்த கீரை. பொடியா அரிஞ்சு, கைமா சுருண்டு வரும்போது தூவி எறக்குனா... வீடே மணக்கும். அந்த மணத்துக்கு நானே ஜன்னல்கிட்ட ஓடல.

பல் செட் வந்த ஞாயித்துக்கிழமை இவர் சந்தோஷத்துல பெரிய பெரிய துண்டா கறி வாங்கிட்டு வந்துட்டார். ஒக்கலிபுரத்துலேர்ந்து மாமாவோட தம்பியும் வந்திருந்தார். மாமா புது பல்லால ரெண்டு பீஸ் மென்னார். அப்புறம் தட்டையே பாத்துட்டு, "கைமா இல்லியா?"ன்னார்.

தம்பி பக்கம் திரும்பி, "என் மருமக ஒண்ணு பண்ணுவா, கீரை போட்டு. நீ எங்கயும் சாப்பிட்டிருக்க மாட்டே. அடுத்த வாரம் வா."

நான் தண்ணி சொம்போட கிச்சன்லயே நின்னுட்டேன். வெளிய வர கொஞ்ச நேரம் ஆச்சு.

மாமா போய் எட்டு வருஷம் ஆயிடுச்சு. கடைசி வரைக்கும் உப்பு பாத்தது அவர்தான். நான் இன்னி வரைக்கும் சாப்பிடறதில்ல. அந்த வீட்ல யாரும் என்னை சாப்பிடுன்னு சொன்னதும் இல்ல.

இப்போ அதே ஏரியால அபார்ட்மென்ட். ஃபோன்ல ஆர்டர் போட்டா ஐஸ் மேல வெச்சு கைமா வாசலுக்கே வந்துடுது. எங்க பொண்ணு வீடியோ பாத்து பாஸ்தாங்கறா, பர்கர்ங்கறா. நல்லாத்தான் பண்றா, குறை சொல்ல மாட்டேன். இருபது நிமிஷத்துல முடிச்சுட்டு அவங்கவங்க தட்ட தூக்கிட்டு அவங்கவங்க ரூமுக்குப் போயிடறாங்க.

அன்னிக்கு அரை கிலோ கைமாவுக்கு எனக்கு ஒரு முழு காலைப்பொழுதே போகும். இப்போ அந்த நேரமெல்லாம் மிச்சம். ஞாயித்துக்கிழமை பதினோரு மணி... என்ன பண்றதுன்னு தெரியாம, இதோ, உங்களுக்கு எழுதிட்டு உக்காந்திருக்கேன்.