தயாபரனிடமிருந்து தயாபரனுக்கு

அன்று காலை நான் கோப்பியோடு வந்து கணினியைத் திறந்தபோது, அண்ணை தன்னுடைய கடிதங்களை வாசித்து முடித்திருந்தார்.

இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் மேசைக் கணினியில் உள்ள மெயில் புரோகிராமின் இடப்பக்கத்தில் எங்கள் குடும்பத்து முகவரிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். திறக்காத கடிதங்கள் தடித்த எழுத்தில் இருக்கும், திறந்தால் மெலிந்துபோகும். அண்ணையின் பெயருக்குக் கீழே கிடப்பவை எப்போதும் தடித்த எழுத்துத்தான். திறக்க ஆளில்லை. நானும் திறப்பதில்லை, அது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அன்று, அந்தக் கிழமை வந்த நாலைந்தும் மெலிந்து கிடந்தன. யன்னலுக்கு வெளியே, டென்மார்க்கின் யூலண்ட் பக்கத்து மாசி மாதச் சாம்பல் வெளிச்சம். எதிர்வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அண்ணையின் பெயர் தயாபரன். நல்லூரில், ரியூசன் சென்ரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற ஒழுங்கையொன்றில் கடை வைத்திருந்தார். முதலில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கிற கடை, பிறகு ரைப்பிங், பிறகு இன்ரநெற். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மின்னஞ்சல் முகவரி செய்து தந்தவர் அவர்தான். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். "ஆருக்கு எது எண்டு நினைவு வைச்சிருக்கிற வேலை எனக்கு வேண்டாம்" என்பார். நான் கலியாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்தபோது என்னோடு கொண்டுவந்த பொருட்களில் எடையில்லாதது அந்த முகவரி ஒன்றுதான்.

இங்கே வந்த பிறகு முகவரிகள் பெருகின. டெனிஷ்காரருக்கு என் பெயரில் எது பெயர், எது அப்பாவின் பெயர் என்று பிடிபடுவதேயில்லை. நான் சமையலறையில் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் எனக்குக் கொடுத்த முகவரி அப்பாவின் பெயரில் இருக்கிறது. பதினைந்து வருடங்களுக்கு முன் காலமான மனிதருக்குத்தான் உருளைக்கிழங்கு ஓடர் பற்றி எழுதுகிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முகவரி. சாவகச்சேரியில் தனியாக இருக்கிற அம்மாவின் கண் ஒப்பரேஷன் அலுவல்களுக்காக அம்மாவின் பெயரில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே புரோகிராமுக்குள் கொண்டுவந்த பின், எழுதும்போதெல்லாம் அது என்னிடம் கேட்கும்: யாரிடமிருந்து? கவனமில்லாமல் அழுத்தினால் நான் வேறொரு ஆளாகிவிடுவேன். ஒருமுறை சமையலறையின் முறைநேரப் பட்டியல் அம்மாவின் பெயரில் போய்விட்டது. மனேஜர், "இந்தப் புதிய பெண் எப்போது வேலைக்கு வந்தார்?" என்று கேட்டார்.

அண்ணையின் முகவரி அந்த வரிசையில் கடைசி. சண்டைக் காலத்தில் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் புறப்பட்டவர் வீட்டுக்கு வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அம்மா ஏறாத அலுவலகம் இல்லை, அவருடைய படத்தைக் காட்டாத ஆள் இல்லை. அதற்குப் பிறகு நெடுங்காலம் சென்று, நீண்டநாள் பாவிக்காத முகவரிகள் அழிக்கப்படும் என்று எங்கோ வாசித்தேன். அண்ணை போட்டுத் தந்த கடவுச்சொல்லை அவருடைய முகவரிக்கே போட்டுப் பார்த்தேன். திறந்தது. அன்றே புரோகிராமில் சேர்த்துவிட்டேன். கணினி விழித்திருக்கிற நேரமெல்லாம் அது அவருடைய பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டேயிருக்கும். விளம்பரங்கள்தான் வரும். ஏதோ ஒரு தளம் வருடாவருடம் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும். ஒரு ஆளை இல்லாமல் போகவிடாமல் வைத்திருக்க அதுவும் ஒரு வழி என்று நினைத்தேன்.

மெலிந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு அதிக நேரம் இருந்தேன். பிறகு என் முகவரியிலிருந்து அவருக்கு எழுதினேன்: "அண்ணை, நீங்களோ?" ஒரே திரையில், என்னிடமிருந்து புறப்பட்டுக் கீழே அவருடைய பெட்டியில் தடித்த எழுத்தாய் விழுந்தது. அடுத்த நாள் வேலைக்கு வெளிக்கிடும்போது பார்த்தேன், தடித்திருந்தது. சப்பாத்தைப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தேன், மெலிந்திருந்தது. கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். என் கண்ணுக்கு முன்னாலேயே அது மீண்டும் தடித்தது.

யாரோ திறந்து வாசித்திருக்கிறார்கள். வாசித்துவிட்டு, வாசிக்காததுபோல் திருப்பி வைத்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு கை, நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரியாமல், என் மேசையில் பொருட்களை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைக்கிறது.

வேலையில் என்னோடு கரட் சீவுகிற கிர்ஸ்டனிடம் சொன்னேன், அண்ணை மெயில் வாசித்திருக்கிறார் என்று. "எவ்வளவு நல்லது! சுகமாக இருக்கிறாரா?" என்றாள். அவர் 'வெக்' என்றேன். இல்லாமல் போனதற்கு டெனிஷில் எனக்குத் தெரிந்த சொல் அதுதான். "ஓ, எங்கே போயிருக்கிறார்? வெயிலுக்கா?" என்று கேட்டாள். காணாமல் போன பூனைக்கும், ஸ்பெயினுக்கு விடுமுறையில் போனவருக்கும், என் அண்ணைக்கும் அவர்களிடம் அந்த ஒரே சொல். மிச்சத்தை விளக்க எனக்கு மொழி போதவில்லை. ஆனால் கிர்ஸ்டன் ஒரு உபகாரம் செய்தாள். யார் யார், எந்த நாட்டிலிருந்து உள்ளே வந்தார்கள் என்பது அந்தக் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திலேயே இருக்கும் என்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். டென்மார்க், டென்மார்க், டென்மார்க்: அது நான். இடையிடையே, இலங்கை.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. இலங்கையில் இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். ஏதோ காரணத்துக்காக ஒளித்திருக்கிறார். அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது வாய்வரை வந்துவிடும். "என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்பா. "ஒண்டுமில்லையம்மா, தடிமன்." கணவரிடம் மட்டும் சொன்னேன். "போய்ப் பாத்திட்டு வா" என்றார் அவர். ரிக்கெற் போட்டுவிட்டு அண்ணைக்கு எழுதினேன்: "பங்குனியில் வாறன். சாவகச்சேரியில் அம்மாவோடை நிப்பன். எங்கை எண்டாலும் வந்து உங்களைப் பாக்கிறன்."

இந்தமுறை மறுமொழி வந்தது. அனுப்புநர்: தயாபரன். உள்ளே ஒரே ஒரு வரி.

"மச்சாள், வராதேங்கோ."

அண்ணை என்னை ஒருநாளும் 'ங்கோ' போட்டுக் கதைத்ததில்லை. "பிள்ளை, வராதை" என்றிருந்தால் நான் அந்தக் கணமே அழுது விழுந்திருப்பேன். அந்த இரண்டெழுத்து மரியாதை என் அண்ணையை இன்னொருமுறை கொண்டுபோய்விட்டது. என்னை மச்சாள் என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரேயொரு ஆள்தான் இருந்தாள். அண்ணையின் மனைவி, நளாயினி.

நளாயினி அண்ணி பல வருடம் காத்திருந்துவிட்டு மறுமணம் செய்துகொண்டவள். "என்ரை மகன் இல்லையெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டு அம்மா அன்றோடு அவளோடு கதையை நிற்பாட்டிவிட்டா. அதோடு நானும் விட்டுவிட்டேன். பருத்தித்துறையில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் கிளாக்காக இருக்கிறாள், ஒரு மகள் இருக்கிறாள் என்று மட்டும் கேள்வி.

நான் போனேன். கொடிகாமத்தில் பஸ் மாறி, பருத்தித்துறையில் இறங்கி, அலுவலக வாசலில் நின்று பெயரைச் சொன்னேன். வெளியே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள், இன்னும் யாராவது வருகிறார்களா என்பதுபோல. பிறகுதான் என் முகத்துக்கு வந்தாள்.

"தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம் அண்ணி."

கடற்கரைப் பக்கம் நடந்தோம். வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. மீன் சந்தை கலைந்து, காகங்கள் மட்டும் நின்றன. ஒரு மதில் நிழலில் நின்றுதான் அவள் கதைத்தாள்.

"அந்தக் கடவுச்சொல் எனக்கும் தெரியும்தானே மச்சாள். அவர் போன நாள் தொட்டு இடைக்கிடை திறந்து பாக்கிறனான். மகள் என்ரை ஃபோனிலை விளையாடுறவள், அதாலை கந்தோர்க் கொம்பியூட்டரிலைதான். ஒண்டும் இராது. ஒருநாள் பாத்தா, ஆரோ டென்மார்க்கிலையிருந்து திறந்திருக்கு எண்டு காட்டுது. பிறகு ஒவ்வொரு நாளும்."

"அது நான் அண்ணி. அது புரோகிராம்."

"இப்ப தெரியும். அப்ப தெரியாது." அவள் குரல் சற்றும் உயரவில்லை. "அவர் எப்பிடியோ தப்பி உங்களிட்டை வந்திட்டார் எண்டு நினைச்சன். நான் மறுமணம் செய்தது தெரிஞ்சதாலைதான் ஒரு சொல்லும் எழுதாமல் இருக்கிறார் எண்டு நினைச்சன். நான் திறந்து பாக்கிறது அவருக்குத் தெரியக்கூடாது எண்டுதான் எல்லாத்தையும் வாசிக்காத மாதிரி மாத்தி வைப்பன். அண்டைக்கு ஆரோ மேசைக்கு வந்திட்டினம், மறந்துபோய் எழும்பிட்டன்."

நான் அண்ணையை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த வருடங்கள் முழுவதும், இங்கே ஒருத்தி அவருடைய கோபத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

"பிறகு நீங்கள் 'அண்ணை, நீங்களோ' எண்டு எழுதியிருந்தீங்கள். அதை வாசிச்ச உடனை விளங்கிட்டுது, அவர் உங்களிட்டை இல்லை எண்டு. நீங்கள் வாறன் எண்டதும் எனக்குப் பயம். அவரைப் பாக்க வந்து என்னைப் பாக்கப் போறியள்."

அதுதான் வராதேங்கோ. அவளுடைய நம்பிக்கையை நான் ஒரு வரியில் கொன்றேன். என்னுடையதை அவள் ஒரு வரியில் கொன்றாள். இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் அழவில்லை. நல்ல மனிசனா என்று கேட்டேன், அவளுடைய கணவரைப் பற்றி. "நல்ல மனிசன். அதாலைதான் சொல்லேலாமல் கிடக்கு" என்றாள்.

திரும்பி நடக்கும்போது அவள் கேட்டாள். "மச்சாள், போன ஆவணியிலை ஒருக்கா அநுராதபுரம் எண்டு காட்டினது. அதுவும் உங்கடை புரோகிராமோ?"

நானும் அந்த வரியைப் பார்த்திருந்தேன். இலங்கைதானே, அதே ஆள்தான் என்று எண்ணிக் கடந்துபோயிருந்தேன்.

"இல்லை அண்ணி. நீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சன்."

"நான் அநுராதபுரம் ஒருநாளும் போனதில்லை."

காற்று எங்கள் இருவருடைய சேலைத் தலைப்பையும் ஒரே பக்கம் இழுத்தது. இப்படிப்பட்ட பக்கங்களில் ஊர்ப் பெயர்கள் அடிக்கடி பிழையாகக் காட்டும், இணைப்பு எந்த வழியாகப் போகிறதோ அந்த ஊரின் பெயர் விழும் என்று கிர்ஸ்டன் சொல்லியிருக்கிறாள். அதை அண்ணிக்கும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன்.

"அப்ப, கடவுச்சொல்லை மாத்துவமோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள் உடனே. "பிறகு திறக்கேலாமல் போயிடும்."

யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது அம்மா குசினியில் நின்றா. "பருத்தித்துறையிலை ஆரைப் பாத்தனீ?" என்றா. தெரிஞ்ச ஒரு ஆளை என்றேன். சொதியை இறக்கி வைத்தா. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டா. முதுகைத் திருப்பிக்கொண்டே கேட்டா: "அவள் சுகமாய் இருக்கிறாளோ?"

"ஓம் அம்மா."

"மெலிஞ்சிட்டாளோ?"

"இல்லை."

"சரி, சாப்பிட வா." அநுராதபுரத்தைப் பற்றி நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் படத்தோடு ஏறியிருப்பா.

இப்போது நான் மறுபடியும் யூலண்டில், அதே மேசையில். ஒவ்வொரு நாளும் அம்மாவாகி ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன். அப்பாவாகி உருளைக்கிழங்குக்குப் பதில் போடுகிறேன். நானும் அண்ணியும் எழுதிக்கொள்வதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அவளுடைய ஃபோனுக்கு என் பெயரில் எதுவும் வரக்கூடாது. ஆகவே அண்ணையின் பெட்டிக்குள்ளேயே எழுதுவோம் என்று அவள்தான் சொன்னாள். யாரிடமிருந்து என்று புரோகிராம் கேட்கும்போது தயாபரன் என்கிறேன். யாருக்கு என்ற இடத்திலும் தயாபரன்.

மார்கழியில் அவள் எழுதுகிறாள்: "இஞ்சை விடியத்தொடங்கி மழை. முத்தமெல்லாம் தண்ணி." நான் அதன் கீழே எழுதுகிறேன்: "இஞ்சை பனி. கதவு திறக்கேலாமல் குவிஞ்சு கிடக்கு." பெயர் போடுவதில்லை இருவரும். அவளுடைய இஞ்சையும் என்னுடைய இஞ்சையும் ஒரே பெயரின் கீழே, ஒரே எழுத்தில் கிடக்கின்றன. சில வேளைகளில் மேலே ஏற்றிப் பார்க்கும்போது எது நான் எழுதியது, எது அவள் எழுதியது என்று எனக்கே தடுமாறும். முற்றத்துத் தண்ணீருக்குள் கால் வைத்தது நான்தானோ என்று தோன்றும்.

மூன்றாவது ஆள் ஒருவர் என்றைக்காவது அந்தப் பெட்டியைத் திறந்து இதையெல்லாம் வாசித்தால் என்ன நினைப்பார்? யாரோ ஒரு மனிதன் தனக்குத் தானே எழுதிக்கொண்டு, ஒரே நேரத்தில் மழைக்குள்ளும் பனிக்குள்ளும், இரண்டு வீட்டு வாசலிலும் நிற்கிறான் என்று நினைப்பார். உள்ளே வராமல் ஏன் நிற்கிறான் என்று யோசிப்பார்.