ஜீப்புக்குத் தைத்த கூடாரம்

தொண்ணூறுகளின் கடைசி. நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். செங்கல்பட்டில் எனக்கு லாரி, கார்களுக்கு சீட் தைக்கிற வேலை. ஒரு பழைய ஜீப்பை வாங்கி வாசலில் நிறுத்தினேன். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய், அங்கேயே சமைத்து, அதிலேயே படுத்து எழ வேண்டும் என்று ஆசை. உங்கள் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரு தபா வரேன். பசங்க நல்லா தூங்கி எய்ந்தா சரி. இல்லனா வண்டிய வித்துடணும். வாசல்ல கோலம் போட எடமில்ல."

பக்கத்தில் நின்ற உங்கள் பெரிய மாமா, "வித்தா எனக்குக் குடு மாப்ள, மாட்டுக்கு வைக்கோலு ஏத்திக்கினு வரலாம்" என்றார்.

வைக்கோலா! அன்றே ரோஷம் வந்துவிட்டது.

பின் சீட்டுகளைக் கழற்றினேன். பிளைவுட் பலகைக்குக் கீல் வைத்தேன். மடித்தால் பெஞ்சு, விரித்தால் படுக்கை. அடியில் ஸ்டவ்வும் அரிசியும் வைக்கப் பெட்டி. மேலே தண்ணீர் கேன். பலகையில் அம்மாவும் சின்னவளும் படுக்கலாம். எனக்கும் பெரியவனுக்கும் லாரி தார்ப்பாயில் ஒரு கூடாரம் தைத்து, ஜீப்பின் பக்கவாட்டில் பொருத்தினேன். சீட் தைக்கிற கைக்கு எதுவும் தொய்வாக இருந்தால் பிடிக்காது. தெருவில் முளையடித்துக் கட்டியபோது, நீங்கள் அதில் மேளம் தட்டினீர்கள். அவ்வளவு இறுக்கம்.

ஒரு சனிக்கிழமை திருக்கழுக்குன்றத்தில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, மாமல்லபுரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்போரம் நிறுத்தினோம். தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான். மாமாவும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார், வேடிக்கை பார்க்க.

நாலு மணிக்குக் கடல் காற்று எழுந்தது. தார்ப்பாய் உப்பியது. தெருவில் அசையாத முளைகள் மணலிலிருந்து பால் பல் மாதிரி ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தன. ஜீப்பே ஆடியது.

"இன்னா மாப்ள, பட்டம் வுட்டுக்கினு கீற?"

உங்கள் அம்மா பாத்திரங்களை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் உறைத்தது. ரெக்சின் சீட்டின் அடியில் நாங்கள் காற்று போக ஓட்டை விடுவோம். விடாவிட்டால் ஆள் உட்கார்ந்ததும் தையல் பிரிந்துவிடும். ஊருக்கெல்லாம் ஓட்டை விட்டவன் என் கூடாரத்துக்கு விடவில்லை!

பிளேடை எடுத்து, நானே பார்த்துப் பார்த்துப் போட்ட மேல் தையலை இரண்டு இடத்தில் ஒரு முழம் பிரித்தேன். முளைகளை விட்டுவிட்டுத் தலையணை உறைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தேன்.

"தலகாணி ஒறையிலயா மண்ணு போடுவாங்க?" என்று அம்மா கத்தினாள். ஆனால் உறையைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

காற்று மறுபடி வந்தது. தார்ப்பாய் உப்பியது, பிரித்த தையல் வழியாக 'புஸ்' என்று மூச்சு விட்டது, அடங்கியது. கயிறு அசையவில்லை. மாமா நான்கு மூலையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

காலையில் அவர் நாஸ்தா பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நீங்கள் இருவரும் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"எய்ப்பாத அண்ணே, தூங்கட்டும்" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாங்க, அடுத்த தபா வர்றதுக்குள்ள அந்தக் கதவுல ஒரு பை தச்சுடுங்க. டம்ளரு வைக்க எடமே இல்ல."