பித்தளைக் குண்டாவில் புளித்த டீ காளான்

சிங்காநல்லூரில் குடியிருந்தபோது, மில் வேலைக்குப் போகும் என் கணவருக்கு மூட்டுவலி. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, "சர்க்கரை போட்ட டீயில ஊற வெச்சுக் குடுங்க அம்மணி" என்று டீயைப் புளிக்க வைக்கும் டீ காளானில் ஒரு துண்டு தந்தார். அது தடித்த ஆப்பம்போல் வழவழவென்று இருந்தது.

கண்ணாடி ஜாடி இல்லாததால், ஈயம் தேய்ந்த பித்தளைக் குண்டாவில் வைத்தேன். மூன்றாம் நாள் ருசி பார்த்தேன். வெறும் இனிப்பு டீதான். புளிக்கவே இல்லையே, பித்தளை என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலை அவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு மில்லுக்குக் கிளம்பினார். சட்டைப் பொத்தானை மாட்டுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"ஏனுங்க, என்னுங்க பண்ணுது?"

அவர் கையைப் பிடித்தேன். கை சில்லிட்டிருந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"எந்தப் பாத்திரத்துல வெச்சீங்க?" என்றார் டாக்டர். சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அதுல புளி கரைச்சு வெப்பீங்களாம்மா? நாளாக நாளாக இதுவும் அப்படித்தானுங்க புளிக்கும். பித்தளையில இருக்கற செம்பு கரைஞ்சு உள்ள போயிருக்கு."

சாயங்காலம் வரை குளுக்கோஸ் ஏறியது. அவர் கண் திறந்து, "தண்ணி குடு கண்ணு" என்றபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

வீடு திரும்பிக் குண்டாவைக் கவிழ்த்தால், உட்புறமெல்லாம் பச்சை.

இப்போது கண்ணாடி ஜாடிதான். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ருசி பார்த்து, இளம்புளிப்பிலேயே வடிகட்டிவிடுகிறேன். அவர் அதைத் தொடுவதில்லை, நான்தான் குடிக்கிறேன். யாராவது துண்டு கேட்டால், "மொதல்ல பாத்திரத்தைக் கொண்டாங்க, பாத்துப்போட்டுத் தாரேன்" என்கிறேன்.